குப்பைன்னு சொல்லாதீங்க

வெறும் மண்ணைப் பார்த்தால் சிஸ்டருக்குக் கோபம் வரும். சாதாரணக் கோபம் இல்லை. கைக்குழந்தையை வெயிலில் கிடத்திவிட்டு யாரோ அரட்டை அடிக்கப் போய்விட்டதைப் பார்த்தால் வருமே, பெற்றவள் எங்கே என்று தேடிக்கொண்டு போகிற கோபம், அது. எழுபதுகளின் நடுவில், ஸ்ரீரங்கம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் அந்தக் கோபத்தை நான் அநேகமாகத் தினமும் பார்த்தேன். இன்றைக்கு எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மீதி அவருக்காக வந்தது. இரண்டுமே இன்னும் ஆறவில்லை.

அவர் நர்ஸ். புத்தூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. பெயர் ஒன்று இருந்தது, ஆனால் தபால்காரர் முதல் தயிர்க்காரி வரை எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லையென்றால் சர்ச்சில் பூசைக்குப் போவார். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க ஹலோ சொல்லியே சம்பளம் வாங்குகிறவள் என்பதால் அவர் எனக்கு 'ஹலோ' என்றே பெயர் வைத்துவிட்டார். காம்பவுண்டில் நாலு குடித்தனம். அதில் ஷிப்டு வேலைக்குப் போகிற பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஊர் விழிக்கிற நேரத்தில் வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற பெண்களைப் பற்றிக் காம்பவுண்டில் என்ன பேசுவார்களோ, அதெல்லாம் எங்களைப் பற்றியும் பேசினார்கள்.

நாலு வீட்டுக்கும் நடுவில் பெரிய வாசல். அதற்கு முறைவாசல் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டு, அந்த வீட்டுப் பெண் காலையில் மொத்த வாசலையும் கூட்டித் தெளித்துக் கோலம் போட வேண்டும். வாசல் எவ்வளவு வெறுமையாக, எவ்வளவு பளிச்சென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வீட்டுக்காரிக்கு மரியாதை. ஓர் இலை கிடந்தால் போதும், சாயங்காலம் வரை அதுதான் பேச்சு. சிஸ்டரும் தன் முறை வந்தால் ஒழுங்காகக் கூட்டுவார். ஆனால் கூட்டியதை வெளியே கொட்ட மாட்டார். கொளுத்தவும் மாட்டார். முறத்தில் அள்ளிக்கொண்டு போய் மேற்குச் சுவரோரம் இருந்த தன் பாத்திகளில் பரப்பிவிடுவார்.

ஆறு பாத்திகள். அவர் வாயில் அவை பாத்திகள் இல்லை, பெட். ஒண்ணாம் பெட், ரெண்டாம் பெட் என்று வார்டில் சொல்வது போலவே சொல்வார். முதல் இரண்டும் கத்திரி, மூணாம் பெட்டில் தக்காளி, அதற்கப்புறம் கீரை, கனகாம்பரம், கடைசியில் ஒரு மருதாணி. "மூணாம் பெட்டுக்கு இன்னிக்குப் பரவாயில்ல" என்று அவர் சொல்வதைக் கேட்டு, புதிதாக வந்த பால்காரர் ஒருநாள் யாருக்கு உடம்பு சரியில்லை என்று உண்மையாகவே விசாரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. தக்காளிக்குத்தான், இலை சுருண்டிருந்தது, இப்போது தேவலை என்று பதில் சொன்னார்.

பாத்திகளில் மண்ணே கண்ணுக்குத் தெரியாது. வேப்பஞ்சருகு, வாழைச்சருகு, நிலக்கடலைத் தொலி, வைக்கோல் என்று கையளவு கனத்துக்கு மூடி வைத்திருப்பார். விவசாயப் புத்தகங்களில் அதற்கு மூடாக்கு என்று பெயர். சிஸ்டருக்கு அது போர்வை. நம்ம ஊர் வெயிலில் மண்ணைத் திறந்து போட்டால் ஊற்றுகிற தண்ணீரை வெயில்தான் குடிக்கும், செடிக்கு எச்சில்தான் மிஞ்சும் என்பது அவர் கட்சி. இதை அவர் அமைதியாக எடுத்துச் சொல்லியிருந்தால் நாலு பேர் கேட்டிருப்பார்களோ என்னவோ. அவருக்கு அமைதியாகச் சொல்ல வராது. எடுத்த எடுப்பில், மண்ணை இப்படி அம்மணமாகப் போட்டு வைத்திருக்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்றுதான் ஆரம்பிப்பார். கேட்கிறவர்கள் சண்டைக்கு வராமல் என்ன செய்வார்கள்?

அவருக்குப் பொறுக்காத சொல் ஒன்று உண்டு. குப்பை. ஆஸ்பத்திரிக்கு குளுக்கோஸ் பாட்டில்கள் மரப்பெட்டியில் வைக்கோல் பொதிந்து வரும். பாட்டிலை எடுத்துவிட்டு வைக்கோலைக் கொட்டிவிடுவார்கள். அதைச் சாக்கில் அமுக்கிக்கொண்டு, வெள்ளைப் புடவையும் தொப்பியுமாக ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிடுவார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். கண்டக்டர், குப்பை மூட்டையெல்லாம் பஸ்ஸில் ஏற்றக் கூடாது என்று சொன்னார். சிஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"குப்பைன்னு சொல்லாதீங்க. இது மூணு பெட்டுக்குப் போர்வை."

அவ்வளவுதான். ஆஸ்பத்திரிப் போர்வையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறது இந்தம்மா என்று பஸ் முழுக்க முணுமுணுப்பு. முன் சீட்டுப் பெரியவர் ஒருவர், ஏழை நோயாளிக்கு வந்ததை இப்படித் திருடலாமா என்று என்னிடமே கேட்டார். நான் சாக்கின் வாயைப் பிரித்து வைக்கோலை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள். திருடி என்று நினைத்தபோது இருந்த மரியாதைகூட அதற்கப்புறம் இல்லை. பாலம் தாண்டும்வரை எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அந்தச் சாக்கைப் பற்றிக் காம்பவுண்டில் வேறு ஒரு கதை ஓடியது. ஆஸ்பத்திரி வைக்கோல், நோயாளி படுத்தது, வியாதி ஒட்டிக்கொள்ளும் என்று. கிளப்பிவிட்டது முன்போர்ஷன் மாமி. மாமியைப் பொல்லாதவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் பொல்லாதவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது வேளாவேளைக்கு மிளகு ரசம் கொடுத்து அனுப்பியவர். சிஸ்டர் டியூட்டியிலிருந்து வரத் தாமதமானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருப்பவர். சிஸ்டர் பாத்திக் கனகாம்பரத்தைத் தினமும் தலையில் வைத்துக்கொண்டுதான் பெருமாள் சேவிக்கப் போவார். ஆனால் அந்தக் கனகாம்பரம் நின்றுகொண்டிருந்த சருகைப் பார்த்தால் மூக்கைத் தலைப்பால் பொத்திக்கொள்வார். லட்சுமி நடமாடுகிற இடத்தில் இப்படிப் போட்டு வைக்கலாமா என்று வாரம் ஒருமுறையாவது என்னிடம் ஆற்றாமைப்படுவார். சருகு வேண்டாம், பூ மட்டும் வேண்டும் என்றால் எப்படி மாமி என்று ஒருமுறை கேட்டேன். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

சிஸ்டரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு வருஷம் சுவரை ஒட்டி வைக்கோலை மலையாகக் குவித்தார். கறையான் ஏறி மாமி வீட்டு ஜன்னல் சட்டத்தைப் பொடியாக்கிவிட்டது. கறையான் இதற்கு முன்பே அங்கே இருந்தது என்று சாதித்தார் சிஸ்டர். எனக்கே சிரிப்பு வந்தது. மறுநாள் விடிவதற்குள் வைக்கோலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்துவிட்டு, சட்டத்துக்கு மண்ணெண்ணெய் அடித்துவிட்டார். தப்பு என் மேல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு கூடைக் கத்திரிக்காய் மாமி வீட்டுக்குப் போனது. மாமியும் ஒன்றும் கேட்காமல் எண்ணெய்க் கத்திரிக்காய்க் கறி செய்து எல்லோருக்கும் கொடுத்தார்.

சிஸ்டர் வேலை பார்த்த இடத்தில் அவரை ஒரே ஒருமுறை பார்த்தேன். என் கணவரின் சித்தப்பா காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தார், சாப்பாடு கொண்டு போயிருந்தேன். வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் ஒரு பெரியவர் கொஞ்சம் முன்னால்தான் இறந்துபோயிருந்தார். மேலே துணி கிடையாது. சொந்தக்காரர்கள் யாரும் வரவில்லை. மத்தியான வெயில் வராந்தா விளிம்பைத் தாண்டி அவர் நெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது. எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள், என்னையும் சேர்த்துத்தான். சிஸ்டர் வார்டிலிருந்து வெளியே வந்தார். பார்த்தார். நேராக டாக்டர் அறைக்குப் போய்க் கதவில் தொங்கிய பச்சைத் திரையை உருவிக்கொண்டு வந்து போர்த்தினார். டாக்டர் பின்னாலேயே வந்து, அவருக்கு இனிமேல் என்ன இருக்கிறது, ஏன் இந்த ஆர்ப்பாட்டம் என்று கேட்டார்.

"வெயில் மேல படுது சார்" என்றார் சிஸ்டர்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சருகும் வைக்கோலும் புரிந்தது. ராத்திரி டியூட்டி முடிந்து வந்தால் அவர் நேராகப் படுக்கப் போக மாட்டார். பாத்திகளுக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் காலையில் கேட்டேன், தூக்கம் வரவில்லையா என்று.

"ராத்திரி ஒரு பிள்ளை போயிடுச்சு ஹலோ. என்ன செஞ்சும் நிக்கல. இங்க வந்து பார்த்துட்டுப் போனாத்தான் கண்ணை மூட முடியுது. இந்த வார்டுல நான் சொன்னா கேக்குதுங்க."

காம்பவுண்டு வீட்டுக்காரர் தில்லை நகரில் புது வீடு கட்டிக்கொண்டு போனவர். மாதம் ஒருமுறை வருவார். வாசல் முழுவதும் சிமெண்ட் போட்டுவிட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. சிமெண்ட் போட்டால் மண் ஒட்டாது, பூச்சி வராது, பளிச்சென்று இருக்கும். சிஸ்டர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. செடி உயிரோடு இருக்கிறவரை அந்த இடத்தில் கைவைக்க மாட்டேன் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். செடி காய்ந்தால் அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது என்று அவரும் சொல்லி வைத்தார். சிஸ்டருடைய வார்டு அந்த ஒரு வார்த்தையில்தான் நின்றுகொண்டிருந்தது.

அதற்கு அடுத்த கோடையில் கிணறு அடியைத் தொட்டுவிட்டது. மழை வரும்வரை செடிக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது என்று வீட்டுக்காரர் உத்தரவு போட்டார். மாமியின் துளசி மாடத்தைத் தவிர எல்லோர் வீட்டுச் செடியும் கருகியது. சிஸ்டர் பாத்திகள் மட்டும் பச்சையாக நின்றன. அரிசி கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், அவ்வளவுதான் ஊற்றினார். நான் சாட்சி. உச்சி வெயிலில் என் கையைப் பிடித்து மூணாம் பெட்டின் வைக்கோலுக்கு அடியில் நுழைத்தார். தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிற ஈரம் போல இருந்தது. ஒரு மண்புழு விரலில் பட்டு நான் கத்தினேன். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

காம்பவுண்டில் அதை யாரும் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் இல்லாமல் செடி எப்படிப் பச்சையாக இருக்கும்? யாரும் பார்க்காத நேரத்தில் கிணற்றில் இறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பின்போர்ஷன்காரர் வாளிக் கயிற்றைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். குடிக்கிற தண்ணீருக்கு ஒரு நர்ஸ் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கயிறு கேட்க வேண்டியிருந்தது. வைக்கோலைத் தூக்கிக் காட்டுங்கள், கையை விட்டுப் பார்க்கட்டும் என்று நான் சிஸ்டரிடம் மன்றாடினேன். திருடி என்று முடிவு பண்ணிவிட்டு வருகிறவர்களுக்கு எதையும் காட்ட முடியாது என்றார். கயிற்றைக் கேட்டு வாங்கி, குடத்தை நிரப்பி, கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார். வெளியே கத்துகிறவர் அந்த வாசலில் மட்டும் கத்தவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

சித்திரைத் தேர் வந்தது. கத்திரி வெயில் ஆரம்பிக்கிற நேரம். தேர் பார்க்க வருகிற கூட்டத்தில் மயங்கி விழுகிறவர்களுக்காக முதலுதவிப் பந்தல் போட்டிருந்தார்கள். சிஸ்டருக்கு அங்கே டியூட்டி. முந்தின நாளே போனவர் தேரன்று சாயங்காலம்தான் திரும்ப முடியும். எனக்கும் எக்ஸ்சேஞ்சில் அந்த இரண்டு பகலும் நிமிர நேரமில்லை. தேருக்காக மாமி வீட்டுக்கு மெட்ராஸிலிருந்து சம்பந்தி வருகிறார்கள். வீட்டுக்காரர் குடும்பமும் வருகிறது. தேருக்கு முந்தின நாள் மாமியின் முறைவாசல்.

சாயங்காலம் நான் கேட்டைத் திறந்து உள்ளே வந்தேன். புகை வாசனை. பாத்திகளில் ஒரு சருகு இல்லை, ஒரு வைக்கோல் இல்லை. மண் மழித்த தலை மாதிரி கிடந்தது. விளக்குமாறு இழுத்த வரிகள் தெரிந்தன. சாணம் தெளித்து, ஒவ்வொரு பாத்தியைச் சுற்றியும் இழைக்கோலம் போட்டு, காவி இட்டிருந்தது. மூலையில் ஒரு சாம்பல் குவியல். மாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேலைக்காரியோடு சேர்ந்து காலையிலிருந்து தானே உட்கார்ந்து அள்ளியிருக்கிறார், அந்த வயதில், அந்த வெயிலில்.

"பாவம், அவளுக்கு ஒழியறதே இல்லையே. ஊர்ல யாருக்கோ பண்ணிண்டு இருக்கா. நாமளாவது அவளுக்குப் பண்ணிக் குடுப்போமேன்னு பண்ணினேன். எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு."

கெடுதல் செய்தவர்களைத் திட்டலாம். உபகாரம் செய்துவிட்டு நல்ல வார்த்தைக்காக நிற்கிறவரை என்ன சொல்லித் திட்டுவது? அந்தக் கோலத்தைக் காலால் அழிக்கலாமா என்றுதான் வந்தது. அழிக்கவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்லதுக்கே காலம் இல்லை என்று உள்ளே போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் சிஸ்டர் வந்தார். பகல் முழுக்க வெயிலில் விழுந்தவர்களுக்கு ஈரத்துணி போர்த்திக்கொண்டிருந்தவர். புடவையெல்லாம் ஈரமும் புழுதியும். பாத்திகளைப் பார்த்தார். கத்தப் போகிறார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. அவர் குனிந்து மூணாம் பெட்டில் உள்ளங்கையை வைத்தார். சுட்டிருக்க வேண்டும், சட்டென்று எடுத்துவிட்டார். வீட்டுக்குள் போய்த் தன் கட்டிலில் விரித்திருந்த போர்வையை உருவிக்கொண்டு வந்து தக்காளிச் செடிகளைச் சுற்றி மண்ணை மூடினார். மற்ற பாத்திகளுக்கு அவரிடம் போர்வை இல்லை. என் வீட்டிலிருந்து பழைய புடவைகளை எடுத்துக்கொண்டு வந்தேன். யாருக்கோ இழவு விழுந்த மாதிரி இருக்கிறது, சம்பந்தி பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று பின்போர்ஷனிலிருந்து குரல் வந்தது.

என்ன செய்தும் செடிகள் நிற்கவில்லை. வேப்பமரங்கள் சருகு உதிர்த்து முடித்துத் துளிர்த்திருந்தன. ஆஸ்பத்திரிக்கு அந்த வாரம் பாட்டில் பெட்டி வரவில்லை. அலைந்து திரிந்து கொண்டுவந்த வாழைச்சருகு ஒரு பாத்திக்குக்கூடப் போதவில்லை. கீரை முதலில் போயிற்று. பிறகு தக்காளி, கனகாம்பரம், கடைசியாகக் கத்திரி. மருதாணி மட்டும் குச்சியாக நின்றது. வீட்டுக்காரர் வந்தார். செடிதான் போய்விட்டதே சிஸ்டர், சொன்ன சொல்லை நான் மீறவில்லை பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மருதாணியையும் வெட்டிவிட்டு, சுவர் முதல் சுவர் வரை சிமெண்ட் போட்டார்கள்.

சிமெண்ட் போட்ட மறுநாள் ஒரு வண்டி வந்து நின்றது. மேஸ்திரி வைக்கோலை இறக்கினார். கட்டுக்கட்டாக வைக்கோல். அதை வாசல் முழுவதும், கையளவு கனத்துக்குப் பரப்பினார். தினமும் அது நனைகிற மாதிரி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். முறைவாசல் யாருடையதோ அவர்கள் ஊற்ற வேண்டும். செடிக்கு இல்லாத கிணற்றுத் தண்ணீர் சிமெண்டுக்கு இருந்தது. பின்போர்ஷன்காரர் வாளிக் கயிற்றைத் தானே கொண்டுவந்து கட்டினார். தயிர்க்காரி ஓரமாக நடந்தால்கூட வைக்கோல் கலைந்துவிடும் என்று எல்லோரும் அதட்டினார்கள்.

சிஸ்டரின் முறை வந்தது. ராத்திரி டியூட்டி முடித்து வந்தவர், புடவையை மாற்றாமலே விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து வைக்கோலின் ஓரத்தில் நின்றார். நான் என் வாசற்படியில் இருந்தேன். மாமி காபி டம்ளரோடு வெளியே வந்தார்.

"இந்தக் குப்பையைக் கூட்டி அள்ளிடட்டுமா மாமி?"

அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். மாமி பதறிப்போய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஐயய்யோ, தொட்டுடாதீங்கோ சிஸ்டர். அது குப்பையா? மூடி வைக்கலேன்னா இந்த வெயிலுக்குத் தரை பாளம் பாளமா வெடிச்சுடுமாம். அடியில ஈரம் காயவே கூடாதாம், மேஸ்திரி சொன்னார்."

மாமி மனசறிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாளவில்லை. நான் எழுந்தேன். என்னவெல்லாம் கேட்க வேண்டுமோ அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது. சிஸ்டர் என் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினார், இரு என்பது போல.

"அப்படிங்களா மாமி" என்றார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். கிணற்றடிக்குப் போய் வாளியை இறைத்துக்கொண்டு வந்து, மூணாம் பெட் இருந்த இடத்திலிருந்து ஆரம்பித்து, சிமெண்டின் மேல் கிடந்த வைக்கோலுக்கு நின்று நிதானமாகத் தண்ணீர் ஊற்றினார்.